அடுத்த வருடம் என்று நான் சொன்ன நாடகம்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருடம். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எனக்கு எழுத வராது என்று சொல்லிப் பார்த்தேன். கூடப்பிறந்தவன்தான் எழுத வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா குளச்சலில் மீன்பிடிக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார்கள். அப்பா கடலில் இறந்தபின் வலைக் கம்பெனிக்கு வேலைக்குப் போய் என்னை வளர்த்தார்கள். பிறகு பால்வாடியில் ஆயா வேலை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார்கள்.

துறைமுகத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் படுத்துக் கிடக்கும் பிள்ளைகளைச் சாயங்காலம் மீன் ஏலக்கூடத்துக்குக் கூட்டி வருவார்கள். கழுவிவிட்ட தரையில் பறையும் ஒயிலாட்டமும் நாடகமும் நடக்கும். கதையை அக்கா எழுதுவதில்லை. "ஒனக்கு என்னலே நடந்துச்சு? அத அப்படியே செய்யி" என்பார்கள். அடி வாங்கிய பிள்ளை அடித்தவனாக நடிக்கும். சின்னப் பிள்ளைகளைப் படகு வேலைக்கு இழுத்துப் போகும் கதையைச் சந்தையில் நடித்தார்கள். மறுவாரம் ஒரு படகுக்காரர், தன்னிடம் வேலைக்கு நின்ற பயலை அக்காவிடம் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

மொத்தம் பதினோரு பிள்ளைகள். பங்குக் கோயில் திருவிழா மேடையில் ஏற வேண்டும் என்பதுதான் அவர்களுடைய ஒரே ஆசை. அதுவரை மேடைப் பக்கம் வந்தாலே கமிட்டிக்காரர்கள் நாங்கள் விரட்டிவிடுவோம்.

திருவிழாக் கமிட்டியில் நோட்டீஸ் என் பொறுப்பு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கீழே, நடத்துகிற அன்பியம் என்னும் தெருக் குழுவின் பெயரோ குடும்பத்தின் பெயரோ போடுவது ஊர் வழக்கம். இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டும் இல்லை.

"நம்ம வீட்டுப் பேரப் போடுலே."

"எக்கா, ஆளுவ என்ன சொல்லுவாவ? மைக்கு எதாவது காணாமப் போனா நம்ம தலையிலதான் விழும்."

"மைக்க கொண்டுபோயி அதுக என்னலே செய்யும்? மீனா விக்கும்?"

சிரித்தார்கள். நானும் சரி என்றேன். அச்சகத்தில் நிற்கும்போது பயம் வந்துவிட்டது. பிள்ளைகளின் நாடக வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டுக் கொடுத்தேன். அதை அக்காவிடம் சொல்லவும் பயம். பிள்ளைகளிடம் மேடை உறுதி என்று சொல்லிவிட்டு வந்த அக்கா, நோட்டீசை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்கள்.

"அடுத்த வருசம் கண்டிப்பா போட்டுரலாம் எக்கா."

"நமக்கு அடுத்த வருசம் உண்டும். அதுகளுக்கு உண்டுமாலே?"

நோட்டீசை மடித்துக்கொண்டு ஏலக்கூடத்துக்குக் கிளம்பினார்கள். திட்டியிருக்கலாம்.

சில மாதத்தில் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானது. கூப்பிட ஆளில்லாமல் பிள்ளைகள் சிதறிப் போனார்கள். நான் போய்க் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி, வீடு என்று பதறிக்கொண்டே இருந்துவிட்டேன். கடைசி நாட்களில் அக்கா விரல் மடக்கி அந்தப் பதினோரு பெயர்களைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இந்த வருடத் திருவிழா நோட்டீசில் எங்கள் வீட்டுப் பெயரில் நாடகத்தைப் போட்டேன். தேடியதில் மூன்று பேர்தான் கிடைத்தார்கள். மற்ற எட்டுப் பேர் நிற்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு நின்று நடித்தார்கள்.

டயாலிசிஸுக்குக் கூட்டிப் போன ஆட்டோத் தம்பிமாருக்கும், கஞ்சி கொண்டுவந்த அன்பியத்துச் சகோதரிகளுக்கும், கூடம் தந்த ஏலக்காரர்களுக்கும், அடக்கத்தில் கூட நின்ற எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நாகர்கோவில், திருவனந்தபுரம், கொச்சி என்று போய்வரும் சொந்தக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். பஸ் ஸ்டாண்டிலோ ரயில் நிலையத்திலோ நிற்கும் பிள்ளைகளிடம், குளச்சல் அக்காவைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரியும் என்றால், அக்கா இறந்ததை மெதுவாகச் சொல்லுங்கள். அந்த எட்டுப் பேருக்கும் அது இன்னும் தெரியாது.