கலங்கிய கூலன்ட்

ரெக்கவரி வண்டியிலிருந்து அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இறங்கியபோது சுடர்விழியின் ஒர்க்‌ஷாப்பில் வேறு வண்டியே இல்லை. அதற்குக் காரணமே அந்தக் கார்தான்.

அது முப்பது வயதான ஜப்பான் வண்டி. சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய தமிழரசன் அண்மையில் ஆசைப்பட்டு வாங்கியது. ஆடி பிறந்ததும் அவள்தான் அதற்குப் புதுக் கூலன்ட் ஊற்றிக் கொடுத்தாள். ஆடி முடிவதற்குள் இன்ஜின் கொதித்து நடுரோட்டில் நின்றுவிட்டது. இன்ஜினைக் குளிர வைக்கும் அந்தப் பச்சைத் திரவம், பால் விட்ட காபி போலக் கலங்கிக் கிடந்தது. தஞ்சாவூரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் மூடியைத் திறந்து பார்த்தவர், “ஹெட் கேஸ்கட் போயிடுச்சு, ஆயில் கலந்துடுச்சு. கடைசியா யார் கை வெச்சது?” என்று கேட்டிருக்கிறார்.

தமிழரசன் அதை அப்படியே டெல்டா கார்க்காரர்களின் வாட்ஸப் குழுவில் படத்தோடு போட்டான். அவள் பெயரையும் போட்டான். கீழே ஒருவர் எழுதினார்: ‘நாத்து நடுற கையில இன்ஜினைக் குடுத்தா இப்படித்தான்.’ பலர் சிரித்து வைத்தார்கள்.

நாற்று நட்டது அவள் அம்மா. அய்யம்பேட்டைப் பக்கம் ஊரார் வயலில் குனிந்து குனிந்து நட்டு, மகளைப் பாலிடெக்னிக்கில் படிக்க வைத்தவர். சுடர்விழி ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, சென்னையில் கார் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து, திரும்பி வந்து இந்தத் தகரக் கொட்டகையைப் போட்டாள். பெரிய வீட்டுப் பிள்ளை பார்த்த வண்டி பழுதானால் உதிரிபாகத்தைக் குறை சொல்வார்கள். இவள் பார்த்த வண்டி பழுதானால் பிறப்பைக் குறை சொல்வார்கள். அவர்கள் தின்னும் சோற்றுக்கு மட்டும் அந்தக் கை ஆகாத கையில்லை.

அவளேதான் தமிழரசனுக்குப் போன் செய்து காரை வரவழைத்திருந்தாள். “இன்ஜினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ கொண்டாங்க. உங்க கண்ணு முன்னாடியே பார்ப்போம். தப்பு என்னுதுன்னா ஷட்டரை இறக்கிட்டுப் போயிடுறேன்.”

சொன்னது வீம்புக்கில்லை. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் அவள் இறக்காமலே ஷட்டர் இறங்கிவிடும்.

தமிழரசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் முதலில் ஆயில் குச்சியை உருவிக் காட்டினாள். ஆயில் தேன் நிறத்தில் சுத்தமாக இருந்தது.

“ஆயிலையும் தண்ணியையும் பிரிச்சு வெக்கிற கேஸ்கட் போயிருந்தா இதுலயும் தண்ணி ஏறியிருக்கலாம்.”

“ஏறாமலும் இருக்கலாம்ல?”

“இருக்கலாம். அதனாலதான் இதோட நிறுத்தப் போறதில்ல.”

ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தாள். எல்லாம் ஒரே அளவு. ரேடியேட்டரில் காற்றேற்றிக் கேஜைப் பார்த்தபடி இருந்தாள். முள் இறங்கவில்லை, எங்கும் கசிவில்லை. கலங்கலைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வைத்தாள். எண்ணெய் என்றால் மேலே மிதக்க வேண்டும், மிதக்கவில்லை. அடியில் ஏதோ வெள்ளையாகப் படிந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தாள். எண்ணெய்போல வழுக்காமல் பசைபோல ஒட்டியது. எங்கோ தொட்டுப் பழகிய பிசுபிசுப்பு. சேலைக்குக் கஞ்சி போடும்போது கையில் ஒட்டுவது.

அவளுக்கே சிரிப்பு வந்தது. நினைப்பது சரியா என்று பார்க்க ஒரே வழிதான். எதிர்த்த மெடிக்கலில், புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தை வாங்கி வந்தாள். டம்ளர் நன்றாக ஆறும்வரை காத்திருந்தாள்; சூட்டில் நிறம் பிடிக்காது. பக்கத்தில் இன்னொரு டம்ளரில் புதுக் கூலன்ட் ஊற்றி, முதலில் அதில் ஒரு சொட்டு விட்டாள். மருந்தின் பழுப்பு அப்படியே கரைந்தது. கலங்கலில் விட்டாள். கருநீலம் குப்பென்று பரவியது.

தமிழரசன் கட்டிய கையைப் பிரித்தான். “இது எட்டாவதுல செஞ்சது. ஸ்டார்ச்சு.”

“ஆமா, மாவுச்சத்து. உங்க இன்ஜின்ல கஞ்சி காய்ச்சியிருக்காங்க. வீட்டுல யாராச்சும் இதுல அரிசி போட்டாங்களா?”

“காருக்குள்ள யாருங்க அரிசி போடுவா?” என்றவன், சட்டென்று நிறுத்தி அம்மாவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் தங்கமணியின் குரல் கணீரென்று வந்தது.

“அரிசியா? காப்பரிசிடா. பதினெட்டாம் பெருக்கன்னிக்கு ஆத்துல விட்டது போக ஒரு கிண்ணம் மிஞ்சிச்சு. புது வண்டியாச்சே, அதுக்கும் குடுப்பமேன்னு அந்த வெள்ளைத் தொட்டியத் தொறந்து போட்டு, புதுத்தண்ணி ஒரு சொம்பு விட்டேன். ஏன், ஒத்துக்கலயா?”

அது கூலன்ட் தொட்டி. ஊறிய அரிசியும் வெல்லமும் கொதிக்கிற கூலன்டில் வெந்து, கரைந்து, குழாயெல்லாம் அடைத்திருக்கிறது. சாமியும் காப்பாற்றவில்லை, ஆறும் காப்பாற்றவில்லை. பழி மட்டும் ஒழுங்காக வேலை செய்தவள் தலையில் விடிந்தது.

“சாரிங்க” என்றான் தமிழரசன். “சுத்தம் பண்ணிடுங்க. வண்டி சரியாயிடுச்சுன்னு குரூப்ல போட்டுடுறேன்.”

“அது போதாதுங்க. சரியாயிடுச்சுன்னா, கெடுத்தவளே சரி பண்ணிட்டான்னு ஆகும். அரிசின்னு எழுதுங்க.”

“அம்மாவைக் கிண்டல் பண்ணுவாங்க.”

“எங்கம்மாவைப் பண்ணாங்களே.”

போன் இன்னும் அணைக்கப்படவில்லை. தங்கமணி கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

“என்னடா அந்தப் பொண்ணு சொல்லுது? அதும் பேரைக் கெடுத்து எழுதுனியா?” என்றவர், “நீ ஒண்ணும் எழுத வேணாம், நானே பேசுறேன்” என்று வைத்துவிட்டார். சற்று நேரத்தில் மகன் போனில் குழு மணி அடித்தது. குழுவிலிருந்த மருமகளைப் படித்துக்காட்டச் சொல்லி, அவள் எண்ணிலிருந்து அனுப்பியிருந்த குரல் பதிவில், காப்பரிசி போட்டது தான்தான் என்றும், மெக்கானிக் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல என்றும், நாற்று நடும் கையைப் பற்றி எழுதியவர் யாரென்று தெரிந்தாக வேண்டும் என்றும் தங்கமணி அதட்டிக்கொண்டிருந்தார்.

சுடர்விழி அடிக்குழாயைக் கழற்றினாள். பழுப்புக் கஞ்சி வாளியில் கொட்டியது. வெந்நீர் விட்டு விட்டு, வருவது தெளியும்வரை அலசினாள். சாயங்காலம் இன்ஜினை ஓடவிட்டு, சூடு காட்டும் மீட்டரையே பார்த்திருந்தாள். முள் பாதிவரை ஏறி அங்கேயே நின்றது.

அவள் போன் ஒலித்தது. நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர், புகழேந்தி என்றார். “குரூப்புல கேட்டேங்க. என் ஜீப் ஒண்ணு நாலு இடம் காட்டியும் சூடாகுது. நாளைக்குக் கொண்டாரலாமா?”

“கொண்டாங்க” என்றாள். “ஆடிப்பெருக்குக்கு அதுக்கு என்ன குடுத்தீங்கன்னு வீட்டுல கேட்டுட்டு வாங்க.”