மல்லாட்டைக் கொல்லைப் பாட்டு

போன வருடம் அப்பாவை அடக்கம் செய்தபோது கல்லறைத் தோட்டம் வரைக்கும் பாடகர் குழுவினர் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே வந்தார்கள். அது அப்பா எழுதிய பாட்டு. பாடியவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது. செல்போனைப் பார்த்துப் பாடினார்கள்; அதில் விழுப்புரத்துக்காரர் ஒருவரின் பெயர் போட்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழக்கூட முடியவில்லை.

எங்கள் ஊர் கிளியனூருக்குப் பக்கம். அப்பா திண்டிவனத்தில் வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுவார், அவ்வளவுதான் அவருடைய சங்கீதம். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துபோனான். நான்கு வயது. முப்பதாம் நாள் பூசையில் அப்பா ஒரு பாட்டு எழுதிப் பாடினார். மல்லாட்டைக் கொல்லையில் ஓடின பிள்ளை செருப்பை விட்டுவிட்டு எங்கே போனான் என்று அது தொடங்கும். எங்கள் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

விழுப்புரத்திலிருந்து திருவிழாவுக்குக் கீபோர்டு வாசிக்க வந்த வாத்தியார் ஒருவர் அதைக் கேட்டு, போனில் பதிவு செய்துகொண்டு போனார். இது மாமாவின் காதுக்கு எட்டியது. அம்மாவின் அண்ணனான அவர் கோர்ட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை என்றாலும், எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் வக்கீல்.

"மாப்ள, பாட்ட எழுதி கவர்ல போட்டு ஒட்டி, ஒங்க பேருக்கே ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிக்கோங்க. வந்ததும் பிரிக்காம வச்சிடுங்க. முத்திரையில தேதி இருக்குது பாருங்க, அத யாரும் அசைக்க முடியாது" என்றார்.

தபால்காரர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அனுப்புனவரும் நீங்கதான், வாங்குறவரும் நீங்கதானா?" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கி, மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். தம்பியையே அந்தக் கவருக்குள் வைத்து ஒட்டிவிட்ட மாதிரி எனக்கு இருந்தது.

அந்தப் பாட்டை வீட்டில் பாட அம்மா விடமாட்டாள். கோயிலில் கேட்டபோது பாதிதான் விளங்கியது. அதில் அம்மாவின் முந்தானை வந்தது, ஆட்டுக்குட்டி வந்தது. நான் வருகிறேனா என்று தெரிந்தே ஆகவேண்டும் என்ற வெறி எனக்கு. ஒரு மத்தியானம் சோற்றுப்பானை ஆவியில் கவரைக் காட்டிப் பிரித்தேன். மூன்று சரணம். தேடித் தேடிப் பார்த்தேன், நான் இல்லை. ஆட்டுக்குட்டிக்கு இடம் இருக்கிறது, எனக்கு இல்லை. எனக்குப் புசுபுசுவென்று கோபம் வந்தது. பேனாவை எடுத்து அடியில், என் கோணல் எழுத்தில், "அவனை இடுப்புல தூக்கினு போனது அக்காதான்" என்று எழுதினேன். சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அடுத்த வருடத் திருவிழாவில் ஸ்பீக்கரில் அப்பாவின் பாட்டு ஓடியது. மெட்டு அதேதான். மல்லாட்டைக் கொல்லை ஒலிவத் தோட்டமாகியிருந்தது, செருப்பு சிலுவையாகியிருந்தது. எழுதியவர் வாத்தியார் என்று சி.டி. அட்டையில் இருந்தது. அப்பா சி.டி. கடை முன்னால் நின்று முழுதும் கேட்டார்.

"பாட்ட எடுத்துக்கினு போவட்டும். புள்ள ஓடுன கொல்லைய எதுக்குப்பா எடுத்தாங்க?" என்றார் மாமாவிடம். அந்த ஒரு வரி திரும்பி வந்தால் போதும் அவருக்கு.

மாமா விடவில்லை. ஒரு சனிக்கிழமை கவரோடு திண்டிவனத்தில் ஒரு வக்கீலிடம் போனோம். அம்மா வேலைக்குப் போயிருந்ததால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் நான் மாமா கையிலிருந்த கவரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாமா கவரை நற்கருணை மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி மேசைமேல் வைத்தார். வக்கீல் நகத்தை வைத்ததுமே அது திறந்துகொண்டது. காய்ந்த பருக்கை ஒன்று மேசையில் விழுந்தது. அவர் படித்துக்கொண்டே கடைசி வரிக்கு வந்தார். என்னைப் பார்த்தார்.

"இது யாரு எழுத்து?"

அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். ஒரே ஒரு வரிதான்; அதைப் படிக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது.

"என்னுதுதாங்க சார். அப்பறமா நான்தான் பிரிச்சி எழுதினேன்" என்றார்.

"அப்ப இத யாருகிட்டயும் காட்டாதீங்க. மொத்தத்தையும் அப்பறமாதான் எழுதி உள்ள வச்சீங்கன்னு சொல்லிடுவாங்க" என்று வக்கீல் தாளை மடித்துக் கொடுத்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மாமா திட்டிக்கொண்டே வந்தார். மாமா சாகும்வரை, தன் பாட்டைத் தானே கெடுத்துக்கொண்ட மனுஷன் என்றுதான் அப்பாவைச் சொன்னார். நான் ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை. அப்பா அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை.

எழுதிய நிமிடமே அது அவருடைய பாட்டுதான் என்பதும், ஒட்டிய கவருக்குப் பெரிய மதிப்பில்லை என்பதும், முப்பதாம் நாள் பூசையில் கேட்ட ஊர்க்காரர்களே நல்ல சாட்சி என்பதும் எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. எங்கள் கோயில் பாடகர் குழுவில் பாட்டெழுதும் பிள்ளைகள், "காப்புரிமை பதிவு பண்ணணுமாக்கா?" என்று இப்போது கேட்கும்போது எரிந்து விழுகிறேன். போய் முறையாகப் பதிவு பண்ணித் தொலைங்கடா என்கிறேன்.

அன்றைக்கு அடி விழவில்லை என்ற நிம்மதி மட்டும்தான் எனக்கு. திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. அப்பா என் கையைப் பிடித்தவர் ஊர் வந்து இறங்கி வீடு சேரும்வரைக்கும் விடவேயில்லை. கை வலித்தது. கூட்டம் அதிகம், நான் விழுந்துவிடுவேன் என்றுதான் பிடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.