முதலாளியம்மாவின் முதல் மெயில்

மதுரை காளவாசல் சிக்னலைப் பார்த்த எங்கள் இரண்டாம் மாடி அலுவலகத்தில், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு முதலாளியம்மா கேட்ட முதல் கேள்வி எனக்கு மறக்கவே மறக்காது. என் கணினித் திரையில் மாதிரிக்குக் கட்டிய ஒரு மெயிலின் உள்பக்கம் திறந்து கிடந்தது. மேலே சில ஒழுங்கான வரிகள். அதற்குக் கீழே ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து, சொல்லென்று ஒன்றுகூட இல்லாமல், பக்கம் பக்கமாக இறங்கிக்கொண்டே போனது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, "தம்பி, இதுல எம்பூவு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை மொத்த வியாபாரம் செய்தவர் அவர். மார்க்கெட்டில் எல்லாரும் முதலாளியம்மா என்றே கூப்பிட்டதால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். கணவர் இறந்த பிறகு கடையை அவர்தான் நடத்தினார் என்றாலும், வெளிநாட்டுக்குப் போகும் பூ மட்டும் கொழுந்தனாரின் பெயரில்தான் போய்க்கொண்டிருந்தது. பூவைப் பார்த்து எடுப்பது, கட்டுவது, ஐஸ் வைத்துப் பெட்டி போடுவது எல்லாம் இவர் பாடு. பெட்டியின் மேல் ஒட்டும் பெயர் கொழுந்தனாருடையது. ஒரு கட்டத்தில் முதலாளியம்மாவுக்கு இது அலுத்துப்போனது. வளைகுடாவில் ஒரு கடைக்காரரைத் தாமே பேசிப் பிடித்தார், தம் பெயரில் ஏற்றுமதி உரிமமும் வாங்கினார். கொழுந்தனார் சிரித்துவிட்டு, முதல் லோடு அங்கே மாட்டிக்கொண்டால் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடுங்கள் மதினி, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன் என்று சொன்னாராம். அந்தப் பெருந்தன்மைதான் முதலாளியம்மாவை எங்கள் படியேற வைத்தது.

அந்தக் கடைக்காரர் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஒவ்வொரு லோடுக்கும் உரிய தாள்கள், பதிவு செய்த முகவரியிலிருந்து, அவர்கள் சொன்ன மாதிரி தலைப்புப் போட்டு மெயிலில் வந்துவிட வேண்டும். பூ போய் இறங்குவதற்கு முன்னால் வர வேண்டும். அங்கே அதைப் பிரிப்பது ஆளில்லை, ஒரு மென்பொருள். அது அனுப்பியவரையும் தலைப்பையும் பார்த்து, இணைப்பாக வந்த தாளை எடுத்துச் சுங்கத்துக்குக் கொடுத்துவிடும். வாட்ஸப்பில் தட்டிவிட்டால் அதற்குத் தெரியாது. பூவோ யாருக்காகவும் காத்திருக்கிற சரக்கில்லை. ஒரு நாள் தாமதமானால் பெட்டியைத் திறக்கிறவன் மூக்கைப் பிடித்துக்கொள்வான்.

எங்கள் கம்பெனி சின்னது. இந்த மெயிலை அனுப்பும் நிரலை எழுதுவது என் வேலை. அதற்கு ஒரு கிளவுட் சேவையைப் பயன்படுத்தினோம். அங்கே மெயில் அனுப்ப இரண்டு வழி இருந்தது. முதல் வழி சுலபம்: யாருக்கு, என்ன தலைப்பு, என்ன செய்தி என்று சொன்னால் போதும், மெயிலை அதுவே கட்டி அனுப்பிவிடும். ஆனால் நாங்கள் பயன்படுத்திய அந்த வழியில் இணைப்பு எதுவும் சேர்க்க முடியாது. இரண்டாவது வழிக்கு நாங்கள் 'ரா மெயில்', அதாவது பச்சை மெயில், என்று பேர் வைத்திருந்தோம். அதில் மெயிலை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நாமே கட்டிக் கொடுக்க வேண்டும். அனுப்புநர், பெறுநர், தலைப்பு எல்லாம் தனித்தனி வரியாக மேலே வர வேண்டும். பிறகு ஒரு வெற்று வரி. அதற்குப் பிறகு செய்தி. அதற்கும் கீழே, எழுத்தாக உருமாற்றப்பட்ட இணைப்புகள். சேவை உள்ளே எட்டிப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடும்.

இதையெல்லாம் முதலாளியம்மாவுக்கு விளக்க வேண்டிய தேவை இல்லை. பணம் கொடுக்கிறவர்கள் வேலை முடிந்ததா என்று மட்டும்தான் கேட்பார்கள். இவர் அப்படியில்லை. மார்க்கெட் ஓய்ந்ததும் வெயிலோடு வெயிலாக வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகக் காட்டச் சொல்வார். யாராவது கேட்டால் எனக்கும் வாய் நிற்காது. அந்த எழுத்துக் குவியல்தான் நீங்கள் கொடுத்த தாள் என்றேன். "அம்புட்டும் அந்த ஒத்தத் தாளா?" என்று வாயில் கை வைத்துக்கொண்டார். தாளைத் தாளாக அனுப்ப முடியாது, எழுத்தாக்கி அனுப்பினால் அந்தப் பக்கம் மறுபடி தாளாகிவிடும் என்று சொன்னேன். அந்த வெற்று வரி எதற்கு என்று அடுத்துக் கேட்டார். மேல்விவரம் முடிந்தது, இனிமேல் விஷயம் என்று இயந்திரம் புரிந்துகொள்வது அதை வைத்துத்தான் என்றேன். ஒன்றுமே எழுதாத ஒரு வரிக்கு இவ்வளவு மரியாதையா என்று அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எனக்கும் அன்றைக்குத்தான் அது ஆச்சரியமாகத் தோன்றியது. அதுவரை அது எனக்கு ஒரு விதி, அவ்வளவுதான்.

செய்தியின் வாசகம் தனியாக ஒரு கோப்பில் இருந்தது. முதல் வாரத்தில், வெறும் செய்தியை மட்டும் சுலப வழியில் அனுப்பிப் பழகிக்கொண்டிருந்தபோது, அந்தக் கோப்பின் முதல் எழுத்தைத் தானே அடிக்க வேண்டும் என்று முதலாளியம்மா கேட்டார். விசைப்பலகையில் தமிழ் எழுத்து எங்கே என்று காட்டினேன். ஒரு விரலால் தேடித் தேடி, 'உ' என்று அடித்தார். பிள்ளையார் சுழி. அவருடைய கடையில் பூக்கட்டின் மேல் சொருகும் துண்டுச் சீட்டில்கூட அது இல்லாமல் எதுவும் தொடங்காது. என்னைப் பொறுத்தவரை சாமி பூதமெல்லாம் கிடையாது என்று அலுவலகத்தில் சத்தமாக வாதம் செய்கிறவன் நான். ஆனாலும் அந்த உ-வைப் பார்த்தபோது மனதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

அவருடைய முதல் லோடு அன்று விடிவதற்குள் பறித்த பூ. மார்க்கெட்டிலிருந்து பெட்டிகள் விமான நிலையத்துக்குக் கிளம்பிய பிறகு முதலாளியம்மா நேராக எங்களிடம் வந்துவிட்டார். அவர் உள்ளே வந்ததும் ஏசி அறை முழுக்க மல்லிகை வாசம். காலையில்தான் நான் அந்தச் செய்திக் கோப்பை ரா மெயிலுக்கு ஏற்றபடி மாற்றி, மேல்விவர வரிகளைச் சேர்த்து வைத்திருந்தேன். தாள்களை இணைத்து அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று கிளவுட் சேவை ஒரு எண்ணைத் திருப்பிக் கொடுத்தது. நாங்கள் டீ சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து போன் வந்தது. ஏதோ ஒரு மெயில் வந்திருக்கிறது, அனுப்பியவர் பேர் இல்லை, தலைப்பு இல்லை, தாளும் இல்லை, உள்ளே வெறும் கிறுக்கல்தான் இருக்கிறது என்றார்கள். அங்கே அலுவலகம் மூடுவதற்குள் சரியாக வராவிட்டால் பெட்டியை எடுக்க மாட்டோம், பழைய ஆளிடமே பேசிக்கொள்கிறோம் என்றும் சொன்னார்கள். பழைய ஆள் என்றால் கொழுந்தனார்.

நான் இணைப்பைப் பிரித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. வெற்று வரி இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. முகவரி, தலைப்பு, செய்தியையும் தாளையும் பிரிக்கும் குறி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து மறுபடி அனுப்பினேன். மறுபடியும் அதே கிறுக்கல் என்று பதில் வந்தது. முதலாளியம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

எங்களிடம் சோதனைப் பிரிவில் ஒரு பெண் வேலை பார்த்தாள். அவளுடைய அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். வேறொருவர் கண்ணும் பார்க்கட்டும் என்று அவளை அழைத்தேன். வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றவள், திரையை மேலிருந்து படிக்க ஆரம்பித்ததுமே நின்றுவிட்டாள்.

"அண்ணே, மொத வரியில என்னமோ இருக்கே, அது எதுக்கு?"

முதல் வரி அனுப்புநர்தானே என்று சொன்னேன். அதற்கும் மேலே என்றாள். அதற்கு மேலே ஒன்றுமில்லை என்றேன். அவள் கையை நீட்டித் திரையைத் தொட்டுக் காட்டினாள். உ.

காலையிலிருந்து அந்தக் கோப்பை எத்தனையோ தடவை படித்திருந்தேன். ஒரு தடவைகூட அது என் கண்ணில் விழவில்லை. திருமணப் பத்திரிகை, மளிகைச் சிட்டை, பரீட்சைத் தாள் என்று பிறந்ததிலிருந்து எல்லாத் தாளின் தலையிலும் அதைப் பார்த்தாயிற்று. நமக்கு அது எழுத்தே இல்லை, தாளின் ஒரு பகுதி. அதைவிட வேடிக்கை, நான் மேல்விவர வரிகளைச் சேர்த்த இடம். கோப்பின் உச்சியில் சேர்க்க வேண்டியவற்றை, சுழியை விட்டுவிட்டு அதற்குக் கீழே சேர்த்திருந்தேன். பிள்ளையார் சுழிக்கு மேலே எதையாவது எழுத எந்த மதுரைக்காரனுக்காவது கை வருமா? சாமி இல்லை என்று வாய் சொல்கிறது, கை கேட்கவில்லை. அந்தப் பக்கத்து இயந்திரமோ முதல் வரியில் அனுப்புநரையோ தலைப்பையோ எதிர்பார்க்கிறது. சம்பந்தமில்லாத ஒன்றைப் பார்த்ததும் மேல்விவரமே இல்லை என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் செய்தியாகக் கொட்டிவிட்டது. தன் அப்பா கடிதத்தின் தலையில் சின்னதாக ஒரு சிலுவை போடுவார் என்றும், அதுவாக இருந்தால் தன் கண்ணிலும் பட்டிருக்காது என்றும் அந்தப் பெண் பிறகு சொன்னாள். அது நிஜமென்றுதான் நினைக்கிறேன்.

காரணத்தைச் சொன்னதும் முதலாளியம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதை அழித்தால்தான் போகும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கர்சரை உ-வுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். ஆனால் விரல் அமுங்கவில்லை. அவர் கண் முன்னால், அவர் அடித்த ஒரே எழுத்தை, அதுவும் அந்த எழுத்தை அழிக்க எனக்குத் தெம்பில்லை. அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். நான் அழித்தால் நன்றாயிருக்காது அண்ணே என்று அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டாள். வெளியே சிக்னலில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அங்கே அலுவலகம் மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

முதலாளியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விசைப்பலகையைத் தன் பக்கம் திருப்பினார். எந்த விசை என்று கேட்டார். காட்டினேன்.

"பூ போயிச் சேரட்டும் தம்பி. பிள்ளையாருட்ட நான் சொல்லிக்கிறேன்."

அழித்தார். மேலே காலியாகிப்போன வரியையும் நான் எடுத்துவிட்டு அனுப்பினேன். போன் வரும்வரை மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தபோது அவரே எடுத்தார். தாள்கள் வந்துவிட்டன, திறக்கின்றன, பெட்டிகளை எடுத்துக்கொள்கிறோம் என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது. சரிங்க என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவருக்கு அப்போதும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. தான் அழித்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். அனுப்புநர் என்று போட்டு, அதை ஒட்டி ஆங்கிலத்தில் அவருடைய பெயர். கூட்டிக் கூட்டிப் படித்தார்.

"பிள்ளையாருக்கு அடுத்து வீட்டுக்காரரு பேரு. அவருக்கப்பறம் கொழுந்தன் பேரு. எம்பேரு எந்தத் தாள்லயும் மேல வந்தது இல்ல தம்பி."

அவர் சங்கடப்படுகிறாரோ என்று நினைத்து, வெற்று வரிக்குக் கீழே, செய்தியின் தொடக்கத்தில் உ போட்டுக்கொள்ளலாம், அங்கே இருந்தால் எந்த இயந்திரமும் ஒன்றும் சொல்லாது என்றேன். உள்ளே அப்படியே போட்டுவிடுங்கள், மேலே இது இருக்கட்டும் என்றார்.

இப்போது நான் வேறு கம்பெனியில் இருக்கிறேன். மெயிலை யாரும் கையால் கட்டுவதில்லை, அதற்கென்றே ஆயத்த நிரல்கள் வந்துவிட்டன. இணைப்பைக் கொடுத்தால் போதும், முதல் வரி என்னவென்று கட்டுகிறவனுக்கே தெரிய வேண்டியதில்லை. என்னோடு வேலை பார்க்கிறவர்களுக்கு அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. முதலாளியம்மாவின் பூ இன்றைக்கும் அவர் பெயரில்தான் போகிறது. கொழுந்தனாரும் இப்போது அவருக்குப் பெட்டி கட்டித் தருகிறார் என்று கேள்விப்பட்டேன்.

முதல் மெயில் போன அன்றைக்கு விடைபெற்றுக்கொண்டு படியிறங்கிப் போன முதலாளியம்மா, பாதியில் திரும்பி ஏறி வந்தார். எதையாவது மறந்துவிட்டாரோ என்று எழுந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து, என் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னார்.

"அந்த மொத வரிய இன்னொரு தடவ காட்டுங்க தம்பி. பாத்துட்டுப் போறேன்."