காசியின் நாக்கு

பல் விளக்கி முடித்ததும் காசி, கிணற்றடித் தூணில் மாட்டிய கண்ணாடிக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்பார். நாக்கை நீட்டுவதில்லை. உள்ளேயே சும்மா கிடக்கவிட்டு வேடிக்கை பார்ப்பார். அது சும்மா கிடக்காது. தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் இங்கே ஒரு துடிப்பு, அங்கே ஒரு துடிப்பு. ஓரங்களில் பள்ளம் விழுந்து நாக்கே கொஞ்சம் சிறுத்துவிட்டது.

“இன்னிக்கு ஜாஸ்தியா, கம்மியா?” அடுப்படியிலிருந்து மனைவி வெள்ளையம்மாள் கேட்பாள்.

“எடது பக்கம் ஜாஸ்தி.”

நமக்கு அது கொழகொழவென்று ஒரு சத்தம். அவளுக்கு மட்டும் சொல்லாகக் கேட்கும்.

திருவண்ணாமலை வேர்க்கடலை மண்டியில் நெடுங்காலமாக ஏலம் கூறுபவர் காசி. கீழ்பென்னாத்தூர் வண்டிகள் அவிழ்த்துப் போடும் இடம் வரைக்கும் அவர் குரல் எட்டும். போன தை மாதம், “ரெண்டு தரம்” என்று கூவப் போனவருக்கு “யெண்டு தயம்” என்று வந்தது. வியாபாரிகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மாசி போயும் அது போகவில்லை. தண்ணீர் குடித்தால் புரையேறியது.

மதுவிலக்குக் காலம். நாக்கு குழறினால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான். மண்டி முதலாளி சகாதேவன் அவரை மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப்போய், “ஊது” என்றார். காசி ஊதினார். பாதிக் காற்று மூக்கு வழியாகப் போயிற்று. சாராய நெடி இல்லை, வெற்றிலை வாசனைதான். “எதுக்கும் கொஞ்ச நாள் வூட்ல இரு” என்று அனுப்பிவிட்டார்.

மலை சுற்றினார். வாதம் என்று சொல்லி உள்ளூர் வைத்தியர் கொடுத்த கஷாயத்தைப் புரையேறப் புரையேறக் குடித்தார். கடைசியில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் டார்ச் அடித்து அந்த நாக்கையே வெகுநேரம் பார்த்தார். தசைகளை ஆட்டுவிக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, புத்திக்கு ஒன்றும் ஆகாது, மருந்து கிடையாது என்றார். வெள்ளையம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். காசி ஏதோ கேட்டார். டாக்டருக்குப் புரியவில்லை.

“அடுத்தது எதுன்னு கேக்கறாரு” என்றாள் அவள்.

“கையா இருக்கலாம். அப்புறம் கால். கடைசியில மூச்சு.”

ரயில் எந்தெந்த ஊரில் நிற்கும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிரயாணியைப்போல் காசி தலையாட்டினார்.

பயம் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பயத்தைவிட ஆச்சரியம் ஒரு படி அதிகம் அவருக்கு. மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு விழுங்கினால் புரையேறுவது குறைகிறது என்று தானாகவே கண்டுபிடித்தார். தண்ணீரைவிடக் கூழ் சுளுவாக இறங்குகிறது. “தண்ணி ஓடிப்போயி வழி தப்புது. கூழு நிதானமா நடந்து போவுது” என்பது அவர் விளக்கம். சித்திரையில் ஒரு சாவு வீட்டில், பிணத்தைத் தூக்கும்போது அவருக்குச் சிரிப்பு பீறிட்டு வந்து அடங்கவே இல்லை. ஊர் முறைத்தது. வீடு வந்து சேர்ந்ததும் பெண்டாட்டியிடம் சொன்னார்: “நான் சிரிக்கல. வாய் சிரிக்குது.”

மறுநாள் வெள்ளையம்மாள் மண்டிக்குப் போய் சகாதேவன் முன்னால் நின்றாள்.

“அவரு கண்ணும் கெடல, காதும் கெடல. வெலை பாக்கறது அவரு, சத்தம் போடறது நானு.”

“பொம்பள ஏலம் கூறினா ஊரு இன்னா சொல்லும்?”

“குடிகாரன்னு சொன்னதவிட கம்மியாதாங்க சொல்லும்.”

“நாளைக்கி வரச்சொல்லு” என்றார் சகாதேவன்.

இப்போது இருவரும் குவித்துப் போட்ட கடலை அம்பாரத்துக்கு அந்தப் பக்கம் சேர்ந்து நிற்கிறார்கள். வியாபாரியின் விரல் அசைவை அவர் பார்த்து முனகுகிறார். அவள் கணீரென்று கூவுகிறாள். முதல் வாரம் சிரித்தவர்கள் இப்போது விலையைக் கவனிக்கிறார்கள்.

நேற்று புதிதாக ஒரு அம்பாரம் கொட்டினார்கள். வழக்கப்படி காசி ஒரு கடலையை எடுத்து வலது கட்டைவிரலால் அழுத்தினார். உடையவில்லை. மறுபடியும் அழுத்தினார். வெள்ளையம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். காசி உள்ளங்கையை விரித்து, கட்டைவிரலைத் திருப்பித் திருப்பி, முன்பின் பார்த்திராத பொருளைப்போல் சிறிதுநேரம் பார்த்தார். பிறகு கடலையை இடது கைக்கு மாற்றி உடைத்து, சிவந்த பருப்பை வியாபாரிகள் முன்னால் நீட்டினார்.