துவக்கு வாங்கப் போன ஜோக்கிம்

இத்தாலியின் பலேர்மோவில் நம்மவர் எதை வாங்கப் போனாலும் தனியே போவதில்லை. கார் என்றால் கார் தெரிந்தவர், தங்கம் என்றால் மனைவி. துவக்கு, அதாவது துப்பாக்கி, வாங்க யாரைக் கூட்டிப்போவது என்ற கேள்வி ஜோக்கிமுக்கு முன்பு இந்த நகரத்தில் ஒருவருக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை. ஆகவே இதை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

மன்னார் ஜோக்கிம் ஒரு வயதான இத்தாலிய ஐயாவின், அதாவது சிஞ்ஞோரின், வீட்டில் சமையல், பராமரிப்பு, சக்கர நாற்காலி தள்ளுதல் ஆகிய பதவிகளை வகிக்கிறார். சிஞ்ஞோருக்குச் சனிக்கிழமை என்றால் குறிபார்த்துச் சுடும் கழகம்தான். தள்ளிக்கொண்டு போன ஜோக்கிமும் அங்கே பெயர் பதிந்து, பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, ஒரு தடவை சுட்டார். கடதாசி வட்டத்தின் நடுவில் ஓட்டை. மனிதருக்கு அன்றே பித்துப் பிடித்துவிட்டது. பயிற்சி, வைத்தியச் சான்றிதழ், குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகம் என்று அலைந்து அனுமதியும் எடுத்தார்.

அனுமதி எடுப்பவர் வீட்டிலுள்ள வயதுவந்தவர்களுக்கு அதை அறிவிக்க வேண்டும். இத்தாலியச் சட்டங்களில் அவருடைய மனைவி செலஸ்ரீனாவுக்குப் பிடித்தது இது ஒன்றுதான்.

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய பேரப்பிள்ளையள் வாறவை. கட்டிலுக்குக் கீழ ஒளிச்ச சொக்கிலேற்றையே மணந்து பிடிக்குதுகள். துவக்கை எங்கை வைப்பியள்?"

"அதைப் பிறகு பாப்பம்."

"இப்பவே பாருங்கோ. இல்லாட்டி அது உள்ளுக்கை வரேக்கை நான் வெளியில."

ஜோக்கிம் இதை மனைவிமார் கேட்கும் கேள்வி என்று ஒதுக்கிவிட்டு, துவக்குத் தெரிந்த ஆளைத் தேடினார். கோயில் வாசலில் ஏகமனதாகத் தீர்மானமானது: குலேந்திரன். துறைமுகத்தில் சாமான் ஏற்றுபவர், வன்னிக்காரர், சண்டை முடிந்து வந்தவர். வேறென்ன தகுதி வேண்டும்? குலேந்திரனை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அவரும் மரியாதைக்காக மறுக்கவில்லை.

கடையில் ஜோக்கிமின் கண் நேரே பெரியதற்குப் போனது. மேலே தொலைநோக்கி பூட்டிய றைபிள்.

"தம்பி, இது எப்பிடி?"

குலேந்திரன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நல்ல நீளம், அண்ணை."

"நீளம் எனக்கும் தெரியுதடாப்பா. சாமான் எப்பிடி?"

"அண்ணை, நான் துவக்குச் சத்தம் கேட்டு ஓடின ஆள். எந்தப் பக்கத்தால சுடுறாங்கள் எண்டு சொல்லுவன். வாங்கிறதுக்கு எனக்கென்ன தெரியும்?"

"அப்ப ஏன் வந்தனி?"

"நீங்கள்தானே கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்!"

நிபுணர் குழு இவ்வாறு கலைந்தது.

கடைக்காரி இவானா, எதைச் சுடப் போகிறீர்கள் என்று கேட்டாள். கடதாசி என்றார் ஜோக்கிம். எவ்வளவு தூரத்தில்? ஐம்பது மீற்றர். "இது மலையில் மான் சுடுவது. கடதாசி உங்களுக்கு அப்படி என்ன செய்தது?" என்று பெரியதை எடுத்து வைத்துவிட்டு, சின்னச் சன்னம் போடும் மெலிந்த ஒன்றைக் கொண்டுவந்தாள். திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டிய பிறகுதான் கையில் கொடுத்தாள். சுவர்ப் பக்கம் நீட்டி, விசையில் விரல் படாமல் தோளில் வைத்துப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த சேட்டு மாதிரி இருந்தது.

பிறகு இவானா கேட்டாள்: "வீட்டில் எங்கே வைப்பீர்கள்?"

அதே கேள்வி, இந்த முறை இத்தாலியனில். ஜோக்கிம் றைபிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முதலில் இரும்பு அலுமாரி ஒன்று வாங்கினார்.

அல்பெர்கேரியாப் பகுதியிலுள்ள அவர் வீட்டின் ஒடுங்கிய மாடிப்படியில் அதைத் தூக்கி ஏற்றியபோதுதான் குலேந்திரனை அழைத்துப்போனதற்குப் பலன் கிடைத்தது. சுவரில் அறைந்து பூட்டினார்கள். செலஸ்ரீனா கதவைத் திறந்து மூடி, தட்டிப் பார்த்து, "நல்ல சாமான்" என்றாள். அன்று பின்னேரமே தாலிக்கொடி, காப்புகள், மகளின் சீதன நகை, பாஸ்போட்டுகள் எல்லாம் உள்ளே போயின.

"இஞ்சை பார், துவக்கு வச்சால் திறப்பு என்னட்டை மட்டும்தான் இருக்கலாம்."

"என்ரை நகைக்கு நீங்கள் திறப்பு வச்சிருக்கப் போறியளோ?"

இதற்கு இத்தாலியில் சட்டம் இல்லை. சாவி அவளிடமே இருக்கிறது. நகை வெளியே வரும் நாளில் துவக்கு உள்ளே வரலாம் என்பது உடன்பாடு, நாள் குறிக்கப்படவில்லை.

ஜோக்கிம் இன்றும் கழகத்தின் துவக்கால்தான் சுடுகிறார், மோசமில்லை. சொந்தத் துவக்கு என்னவாயிற்று என்று சிஞ்ஞோர் சனிக்கிழமைதோறும் விசாரிக்கிறார்.

"அலுமாரியில இடமில்லை, சிஞ்ஞோர்."