முதுகுக்குச் சாட்சி சொன்னவன்

நூறு துப்பறியும் நாவல் படித்தவன் நல்ல சாட்சியாகவும் இருப்பான் என்று நம்பி, ஒருவரை விளக்கமறியல் சிறைக்கு அனுப்பியவன் நான். அவர் முகத்தை நான் பார்க்கவேயில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், குருவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டராக இருந்தேன். ஒரு காலை தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ரப்பர் மரங்களுக்கு நடுவே வெட்டுண்டு கிடந்தார். கொன்றது யாரென்று இன்றுவரை தெரியாது. அன்றைக்கு எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடம் போகிற வழியில், ரோட்டு வளைவிலிருந்து, அதே இடத்தில் பால்வெட்டுக்காரர் ஒருவர், ரப்பர் பால் சேர்க்கும் வாளியோடு, குனிந்து நின்றதைப் பார்த்திருந்தேன். அவருக்கும் கணக்கப்பிள்ளைக்கும் முந்தின வாரம்தான் வாய்ச்சண்டை. போலீசில் சொன்னேன். சட்டை நிறம் உட்பட, கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். சார்ஜன் எழுத எழுத எனக்கு உற்சாகம் கூடியது. அன்றே அவரைக் கொண்டுபோனார்கள்.

பத்தாம் நாள் அவருடைய மனைவி பள்ளிக்கூட வாசலில் நின்றார்.

"மாஸ்டர், அவரு அன்னைக்குக் காச்சலா லயத்து வீட்டுல படுத்திருந்தாருங்க. நான்தான் கஞ்சி குடுத்தேன். நீங்க மொகத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன்மா."

"சத்தியமா?"

வேலை இருப்பதாகச் சொல்லி உள்ளே போனேன். ஒரு வேலையும் இல்லை.

மறுநாள் காலை அதே வளைவுக்கு வந்தேன். அதே மரங்களுக்கு நடுவே அவர் குனிந்து நின்றார். அதே முதுகு, அதே வாளி. விளக்கமறியலில் இருக்கிறவர்! அசையாமல் நின்று பார்த்தேன். நிமிர்ந்த முகம் வேறு. கைதானவருக்குப் பதில் ஆளாக, முந்தின நாள்தான் கலவானையிலிருந்து வந்த அவருடைய தம்பி.

தோட்டத்தில் ஒவ்வொரு பால்வெட்டுக்காரருக்கும் தனித்தனி மரங்கள். அந்த மரங்களுக்கு நடுவே எந்த முதுகு குனிந்தாலும் நாங்கள் அந்த ஆளின் பேரைத்தான் சொல்வோம். நான் பார்த்தது முதுகை. முகத்தை மரங்களிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

வழக்கின் அடுத்த விசாரணைத் தவணைக்கு மூன்று நாள் இருந்தது. ஸ்டேஷனுக்குப் போனேன்.

"இப்போ மாத்தினா மாஸ்டர் மேலயும் கேஸ் வரும்," என்றார் சார்ஜன், தனக்குத் தெரிந்த தமிழில். "வேலையும் போகும். மூஞ்சி பாத்ததா, இல்லையா?"

"இல்ல."

"அப்போ சட்டை கலர்?"

"அது நானாப் போட்டது, சார்."

பேனா நின்றது. அவர் பெரிய அதிகாரியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளே ஒருவர் சிங்களத்தில் கத்தினார். 'மாஸ்டர்' என்ற சொல் மட்டும் இரண்டு தடவை தெளிவாகக் கேட்டது. கடைசியில் சார்ஜன், வாக்குமூலத்தைத் திருத்தி எழுத, ஒரு புதுத் தாளோடு வந்தார்.

என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை. பால்வெட்டுக்காரரை விட்டுவிட்டார்கள்.

அவர் வீடு வந்த இரண்டாம் நாள், மன்னிப்புக் கேட்க மரங்களுக்கு நடுவே போனேன். குனிந்து பால் வெட்டிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. சிரட்டையில் சொட்டும் பாலைப் பார்த்தபடி, ஒன்றுவிடாமல், கண் கலங்கச் சொல்லி முடித்தேன்.

கத்தி நின்றது.

"அண்ணன் இன்னும் லயத்துலதாங்க படுத்திருக்காரு, மாஸ்டர். நான் தம்பி. அவருகிட்டப் போயி இன்னொரு தடவ சொல்லிருங்க. கொஞ்சம் சுருக்கமா."