அக்காவுக்கு நான் அக்கா

மைக்கின் கம்பி வலைக்கு ஒரு வாசனை உண்டு. துருவும் வெற்றிலைச் சாறும், யார் யாரோ வாய் வைத்துக் கத்திவிட்டுப் போன எச்சிலும் சேர்ந்து காய்ந்த ஒரு புளித்த வாசனை. காரிமங்கலத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அப்பா வைத்திருந்த 'மைக் செட்' கடையில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் தனமும் உட்கார்ந்து அந்த வலையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரை மரத்தில் ஏற்றிக் கட்டி ரிக்கார்டு போடுவது அப்பாவின் தொழில். எங்கேயாவது அந்த வாசனை மூக்கில் ஏறினால் இப்போதும் எனக்குப் பாட்டு நினைவுக்கு வராது, கோபம்தான் வரும். செத்துப்போனவரைக் குறை சொல்லக்கூடாது என்று நினைப்பவர்கள் இதற்குமேல் படிக்காமல் விட்டுவிடலாம்.

தனம் என் அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவள். இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் சொல்ல இன்று உலகத்தில் என்னை விட்டால் ஆளில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கல்யாண வீட்டில் ரிக்கார்டு முள் ஒடிந்துபோய், மாற்று முள்ளுக்கு ஆள் அனுப்பிவிட்டு அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, 'ஹலோ மைக் டெஸ்டிங்' சொல்வதற்காக முக்காலி மேல் ஏற்றிவிடப்பட்டிருந்த தனம் தானாகவே பாட ஆரம்பித்தாள். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் சோற்றில் கை வைத்தபடியே திரும்பிப் பார்த்தார்கள் என்று அம்மா சொல்லுவாள். முள் வந்த பிறகும் ரிக்கார்டு போட வேண்டாம், அந்தப் பாப்பாவே பாடட்டும் என்றுவிட்டார்களாம். அடுத்த பண்டிகைக்கு ஆர்மோனியமும் தபேலாவும் சேர்ந்தன. அதற்கடுத்த பண்டிகைக்கு நோட்டீஸ் அடித்தாகிவிட்டது: 'மழலைக் குயில் பேபி தனா.' குட்டைக் கவுன், இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், காலுக்குக் கீழே முக்காலி. கூட்டம் அம்மியது. அவள் நன்றாகத்தான் பாடினாள், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. அவள் பாடினால் எனக்கே உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் கூட்டம் பாட்டுக்கு மட்டும் வரவில்லை, 'இத்துனூண்டு பாப்பா என்னமாப் பாடுது பாரு' என்று வாய்பிளக்க வந்தது. அது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். தனம் பொடிசாகவே இருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று. ஒன்பது வயதுப் பாப்பா என்று நோட்டீசில் போட்டார், அடுத்த வருஷமும் ஒன்பது என்றே போட்டார், அதற்கடுத்த வருஷமும் அப்படியே. மைக் அவள் வாய்க்கு எட்டும் உயரம் வந்த பிறகும், மைக் கம்பத்தை வேண்டுமென்றே உயர்த்தி, அவளை முக்காலியிலேயே நிறுத்தினார். கஷ்டம் என்னால்தான் வந்தது. நான் அம்மா வீட்டு வாகு, நெட்டையாக வளர்ந்துகொண்டே போனேன்.

ஒரு பண்டிகையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு என்னைக் காட்டி, "இது மூத்த புள்ளைங்களா?" என்று கேட்டார். அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார், தனத்தைப் பார்த்தார். "ஆமாங்க" என்றார். அந்த ஒரு 'ஆமாங்க' எங்கள் இருவர் தலையிலும் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் எங்களை எதிரே நிறுத்திவைத்துச் சொன்னார்: "இனிமே கோமு அக்கா, தனம் தங்கச்சி. வூட்டுக்குள்ளயும் அப்படித்தான் கூப்புட்டுப் பழகணும், இல்லாட்டி வெளியில ஒளறிருவீங்க. தனம், நீ அவள வாங்கக்கா போங்கக்கான்னு மரியாதையாக் கூப்புடு. அப்பத்தான் பாக்கறவங்களுக்கு நீ சின்னதாத் தெரிவ." காரிமங்கலத்தில் எங்களைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள் அதிகம் என்பதால், கொஞ்ச நாளில் கடையைத் தூக்கிக்கொண்டு நல்லம்பள்ளிக்குக் குடிமாறினோம்.

எனக்கு என் அக்கா போய்விட்டாள். பயந்தால் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும், அடி வாங்கினால் போய்ச் சொல்லி அழவும் எனக்கென்று இருந்த ஒருத்தி, திடீரென்று என் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டியவள் ஆனாள். முதலில் எங்களுக்கு இது விளையாட்டாக இருந்தது. அவள் "வாங்கக்கா" என்பாள், நான் "வாடி பாப்பா" என்பேன், உடனே என் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழும், இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். ஒரு நாள் "வாடி பாப்பா" என்றபோது கிள்ளு விழவில்லை. அவள் கூப்பிட்டதும் எழுந்து வந்தாள்.

அவள் வயதுக்கு வந்தபோது வீட்டில் ஒரு சொட்டு மஞ்சள் தண்ணீர் கூட அவள் தலையில் ஊற்றப்படவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் பெரியவளானால் தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குடிசை போலக் குச்சு கட்டுவார், தெருவையே கூட்டிச் சீர் வைப்பார்கள், கவுனும் சட்டையும் போய் அன்றைக்குத்தான் தோளில் தாவணி ஏறும். மாரண்டஹள்ளியில் காய்கறி யாவாரம் பார்த்த எங்கள் மாமாவுக்குச் சேதியே போகவில்லை. "பேபி எப்படிடி பெரிய மனுஷி ஆவா?" என்று அப்பா அம்மாவிடம் கேட்டது கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. அம்மா வெளியே வந்து என்னிடம், "எவகிட்டயாவது சொன்னின்னா வாயில சூடு வெச்சிருவேன்" என்றாள். அதோடு அந்த விஷயம் முடிந்தது. பிறகு ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் அம்மா பழைய வேட்டியைக் கிழித்து அவள் நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அதன் மேல் கவுனை மாட்டிவிடுவாள். பாடுகிற பெண்ணுக்கு மூச்சு விட இடமில்லை. இழுத்துப் பாட வேண்டிய இடத்தில் அவள் திணறுவாள், கூட்டமோ அதையும் மழலை என்று நினைத்துக் கைதட்டும். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தனம் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஒரு தாவணி வாங்கிக் குடும்மா. வெளியில வரமாட்டேன், வூட்டுக்குள்ளயே கட்டிக்கறேன்." அம்மா கவுனுக்குக் கீழ்மடிப்பு தைத்துக்கொண்டே இருந்தாள். அம்மாவுக்கு அப்பாவிடம் பயம், அது எனக்குப் புரிகிறது. புரிவதும் மன்னிப்பதும் ஒன்றில்லை.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் கழித்து நான் வயதுக்கு வந்தேன். என் விஷயத்தில் எல்லாம் அமர்க்களமாக நடந்தது. மாமா குச்சு கட்டினார், தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்தார், அதில் எனக்கு இரண்டு தாவணிகள் இருந்தன. மூத்தவள் இருக்க இளையவளுக்கு எப்படி என்று சொந்தக்காரர்களில் ஒருவர் கூட வாயைத் திறக்கவில்லை. மாமாவே, "தனத்துக்கு இன்னும் ஆவலைங்கறாங்க. மத்ததெல்லாம் அவங்க தொழில் விசயம், நமக்கென்னாத்துக்கு" என்று ஒதுங்கிக்கொண்டார். வாசலில் பந்தல், வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர். என் சீருக்குப் பாட வந்தவள் பேபி தனா. பதினாறு வயதில் குட்டைக் கவுனும் சிவப்பு ரிப்பனுமாக, முக்காலி மேல் நின்று, அக்காவை வாழ்த்தித் தங்கச்சி பாடினாள்.

பாட்டு முடிந்ததும் உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. நலுங்கு வைத்துக்கொண்டிருந்தபோது வாசல்படியில் வந்து நின்றாள். என் சீர்த் தட்டிலிருந்த பச்சைத் தாவணியைக் கட்டியிருந்தாள். விளையாட்டுக்குச் சுற்றிக்கொள்ளும் குழந்தையைப் போல இல்லை, மடிப்புப் பிசகாமல், முனையை இடுப்பில் செருகி, ஒற்றைச் சடை போட்டுப் பூ வைத்து, இறுக்கிக் கட்டிய துணியை அவிழ்த்தெறிந்துவிட்டு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். பார்த்த பெண்களுக்குத் தெரிந்துவிட்டது, எனக்கு நலுங்கு வைத்துக்கொண்டிருந்தவள், "ஏ, இந்தப் புள்ள..." என்று வாயெடுத்தாள்.

அப்பா தாவிப் போய் மைக்கைப் பிடித்தார். "பாருங்க பாருங்க, அக்காவப் பாத்து நம்ம பேபிக்கும் ஆச வந்துருச்சுங்க! எங்களுக்கும் இப்பவே சீர் வேணுமாமுங்க!" என்று குழாய் ஸ்பீக்கரில் முழங்கினார். பந்தல் கொல்லென்று சிரித்தது. வாயெடுத்தவளும் சிரித்தாள். மாமாவும் சிரித்தார். ஒரு கிழவி எழுந்துபோய், "அடி என் வாயாடி" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் தனம் ஒரு வார்த்தை சொன்னாள். மைக் அப்பாவின் கையில் இருந்தது, ஆகவே யாருக்கும் கேட்கவில்லை. நலுங்கு மணையில் அழுத்தி உட்காரவைக்கப்பட்டிருந்த எனக்கு மட்டும் கேட்டது. "நான்தான் பெரியவ" என்றாள்.

அம்மா அவளை உள்ளே இழுத்துப்போனாள். பந்தி முடிவதற்குள் கவுனைப் போட்டுக்கொண்டு வந்து இன்னொரு பாட்டும் பாடினாள்.

குரலை மட்டும் துணி போட்டுக் கட்ட முடியவில்லை. அது கனத்து இறங்கி, அடியில் ஒரு கரகரப்போடு வந்தது. தர்மபுரியில் ஒரு பொருட்காட்சியில் அதைக் கேட்டுவிட்டு, பெங்களூரில் ஓட்டலில் கிட்டாரும் டிரம்ஸும் வைத்து 'பேண்டு' நடத்திக்கொண்டிருந்த ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்தார். "இது மகு குரல் இல்லா சாமி, பொம்பளைக் குரல். உண்மையா என்ன வயசு?" என்று கேட்டார். மகு என்றால் கன்னடத்தில் குழந்தை. ஒன்பதைக் கட்டிக்கொண்டு அத்தனை வருஷம் அழுத அப்பா கொஞ்சமும் கூசாமல், "பத்தொம்பதுங்க" என்றார். ஓட்டலில் பாட அந்த வயது வேண்டும் என்பது அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

ஓசூர் வழியாகப் போன பஸ்ஸில் குட்டைக் கவுனோடு ஏறியவளுக்கு, பெங்களூரில் தரையைப் பெருக்கும் சரிகைக் கவுனை மாட்டினார்கள். கவுனிலிருந்து கவுனுக்குப் போனாள், நடுவில் ஒரு தாவணி இல்லை. ஆனால் அங்கே அவளுக்கு மூச்சு கிடைத்தது. மாரண்டஹள்ளிப் பக்கம் காதில் விழுந்த கன்னடமும், வீட்டுத் தமிழும், அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் செய்த இங்கிலீஷும் கலந்து அவள் பாடிய பாப் பாட்டுகள் எழுபதுகளின் நடுவில் ரிக்கார்டாக வந்தன, அப்புறம் சென்னை, அப்புறம் மலேசியா, சிங்கப்பூர். பெல்பாட்டம் போட்ட பையன்கள் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் அவள் பாட்டுக்குத் தோளைக் குலுக்கினார்கள். 'மிஸ் தனா' என்று போஸ்டரில் போட்டாலும் அவள் மேடையேறினால் ஆயிரம் தொண்டைகள் "பேபி! பேபி!" என்றுதான் கத்தின. பேர் நிலைத்ததும் அப்பா மறுபடியும் அவள் வயதைக் குறைத்தார். சந்தை எதைக் கேட்டதோ அந்த வயது.

ஒரு வாரப் பத்திரிகையில் அவள் பேட்டி வந்தது. அக்காவின் சீரில் தாவணி கட்டிக்கொண்டு தனக்கும் சீர் வேண்டும் என்று அடம்பிடித்த சுட்டிப் பெண்ணின் கதை அதில் படத்தோடு இருந்தது. அப்பா சொல்லி எழுதவைத்தது என்று நான் நினைத்தேன். பிறகு சேலத்தில் அவள் கச்சேரிக்குப் போனேன். இரண்டு பாட்டுக்கு நடுவில் அவளே அந்தக் கதையைச் சொன்னாள், அப்பாவின் அதே குரலில், "எங்களுக்கும் இப்பவே சீர் வேணும்" என்று. கூட்டம் கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைக் காட்டி, "அதோ எங்க அக்கா" என்றாள். எழுந்து நின்று கும்பிடச் சொன்னார்கள். நான் எழவில்லை.

இப்போது காரிமங்கலத்தில் அந்தக் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். நல்லம்பள்ளி வீடு, வேப்பமரம் இரண்டையும் ரோடு தின்றுவிட்டது. குழாய் ஸ்பீக்கர் ஒழிந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அப்பா, அம்மா, மாமா, அந்தப் பந்தலில் சிரித்தவர்களில் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள். அவர்களோடு சண்டை போட ஆசைப்பட்டு நான் சேர்த்துவைத்த வார்த்தைகளையெல்லாம் இனி யாரிடம் சொல்வது?

போன மாதம் பெங்களூரில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மறதி நோய் எதுவும் அவளுக்கு இல்லை. மருந்தை வேளை தவறாமல் சாப்பிடுகிறாள், பாடிய பாட்டு ஒவ்வொன்றும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது. வேலைக்காரப் பெண் கடைக்குப் போயிருந்தாள், வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். எங்களை மாற்றிக் கூப்பிடச் சொல்ல இனி எவனும் இல்லை என்று தோன்றியது. அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காபி கலந்துகொண்டிருந்தவளைப் பார்த்து, ஐம்பது வருஷத்துக்கு மேல் தொண்டையில் கிடந்ததை எடுத்து, "அக்கா" என்றேன்.

அவள் திரும்பி, எனக்குப் பின்னால் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"யாரைக் கூப்புடறீங்கக்கா?" என்றாள்.